லண்டன் போட்ட வாக்கும் கிளிநொச்சியில் தைத்த சட்டையும்

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. கிளிநொச்சியில் சித்தி குழாய்க்கிணறு அடிக்க ஆள் பேசி வைத்திருந்தார். லண்டனில் இருக்கும் மகன் முதல் நாள் போனில் கணக்குப் பார்த்து, இத்தனை பவுண்ஸ் அனுப்புகிறேன், இத்தனை ரூபாய் வரும் என்று சொல்லியிருந்தார். மறுநாள் அதே பவுண்ஸைத்தான் அனுப்பினார். ஆனால் ஒரு இலட்சத்துக்கு எட்டாயிரம் ரூபாய் குறைந்திருந்தது. வங்கி ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைத்துச் சித்தி என்னைக் கூப்பிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரித்தானியா முதல் நாள் வாக்களித்துவிட்டது, அதனால் இரவோடு இரவாகப் பவுண்ஸின் பெறுமதி டொலருக்கு எதிராக ஏறத்தாழ 8 சதவீதம் விழுந்துவிட்டது என்று சொன்னேன். சித்தி கேட்டார்: "லண்டன்காரர் வோட்டுப் போட்டால் எங்கட கிணத்துக் காசு ஏன் குறையுது?"

அன்றைக்கு அதற்கு முழுப் பதில் என்னிடம் இருக்கவில்லை. ஒரு நாடு தன் அயல் நாடுகளோடு சேர்ந்த ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்பது அந்த நாட்டுக்காரர் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகளில் அதன் நூல் வன்னியின் எத்தனை வீடுகளுக்குள் ஓடுகிறது என்று பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த ஒன்றியம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், 1951இல், பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் தங்கள் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைக்க ஒப்புக்கொண்டன. பீரங்கி செய்ய வேண்டியவை அந்த இரண்டும்தான். அவை ஒருவர் கையில் மட்டும் இல்லாவிட்டால் இன்னொரு போருக்கு ஒருவரும் இரகசியமாகத் தயாராக முடியாது. 1957இல் றோம் உடன்படிக்கை வந்தது. பிரித்தானியா 1973 ஜனவரி 1ஆம் திகதிதான் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், இருப்பதா விலகுவதா என்று மக்களிடம் கேட்டார்கள். 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அது ஐரோப்பிய ஒன்றியம் ஆனது. இப்போது 27 நாடுகள், ஏறத்தாழ 45 கோடி மக்கள்.

இதற்குள் அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு சுங்கம்: உள்ளே ஒருவருக்கொருவர் வரி இல்லை, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லாரும் ஒரே வரி. அடுத்தது பொதுச் சந்தை: பொருள், சேவை, பணம், ஆள் நான்கும் எல்லை தாண்டலாம், அதற்காக எல்லாருக்கும் ஒரே விதிப் புத்தகம். அதற்கு மேல் அந்த விதிகளை எழுத ஒரு நாடாளுமன்றமும் அமைச்சர் சபையும், பிணக்கு வந்தால் தீர்க்க ஒரு நீதிமன்றமும். சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்கில்தான். எங்கள் சட்டத்தை இன்னொருவன் எழுதுவதா என்ற கேள்வி அங்கேதான் எழும்புகிறது.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவருக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் எடுக்காது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் என்பதெல்லாம் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகும். கமக்காரர் அமைப்புகள் ஒரு பக்கம், நீர்ப்பாசனத் திணைக்களம் ஒரு பக்கம். சத்தம் போடுவார்கள், சில கூட்டம் மதியம் தாண்டியும் போகும். ஒரு கமக்காரர் கோபித்துக்கொண்டு அமைப்பை விட்டு விலகிவிட்டார் என்று வையுங்கள். சந்தாக் காசு மிச்சம். கூட்டத்துக்குப் போய்ப் பகலை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வயல் அதே வாய்க்காலில்தான் கிடக்கிறது. துருசு திறக்கும் திகதிக்குத்தான் அவரும் விதைக்க வேண்டும். முன்பு அந்தத் திகதியை மாற்றக் கேட்க அவருக்கு வாய் இருந்தது, இப்போது அது இல்லை.

நோர்வேயிலும் சுவிஸிலும் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு இது தெரிந்த கதை. நோர்வே மக்கள் 1972இலும் 1994இலும் ஒன்றியத்தில் சேர மறுத்து வாக்களித்தார்கள். சுவிஸ் மக்கள் 1992 டிசம்பரில், பொதுச் சந்தைக்குள் போகும் உடன்படிக்கையையே மயிரிழையில் தள்ளிவிட்டார்கள். இரண்டும் செழிப்பான நாடுகள்தான். ஆனாலும் நோர்வே அந்தச் சந்தைக்குள் விற்பதற்காக ஒன்றியத்தின் விதிகளைத் தன் சட்டமாக எழுதிக்கொள்கிறது, காசும் கட்டுகிறது. வாக்கு மட்டும் இல்லை. எண்ணெயும் மீனும் கொட்டிக் கிடக்கும் நாட்டுக்கு அது கட்டுப்படியாகலாம்.

விலக வேண்டும் என்றவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2015 ஜூலையில் கிரேக்க மக்களிடம் கடன் நிபந்தனைகளை ஏற்பதா என்று கேட்டபோது 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த சில நாட்களில் அதே மாதிரியான, இன்னும் இறுக்கமான நிபந்தனைகளை அவர்களுடைய அரசாங்கம் ஏற்க வேண்டி வந்தது. ஒன்றியத்துக்குள் சிறியவனின் வாக்குக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். பிரித்தானியாவில் மீன்பிடிப் பங்கு, கட்டும் காசு, வந்து குடியேறும் ஆட்கள் என்று நிறையக் குறைகள் சேர்ந்திருந்தன. அவற்றின் மேல்தான் வாரம் 350 மில்லியன் பவுண்ஸ் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசல்ஸுக்குப் போகிறது என்று பஸ்ஸில் எழுதி ஓட்டினார்கள். அந்தத் தொகை தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிபர மேற்பார்வை அமைப்பே சொன்னது. 1984இல் ஒப்புக்கொள்ளப்பட்டுப் பிரித்தானியாவுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காமல் எழுதிய கணக்கு அது.

சரி, யாரிடம் கேட்டார்கள்? இந்தப் பொதுவாக்கெடுப்பில் எனக்கு ஆறவே ஆறாத பகுதி இதுதான்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு அண்ணன்மார். ஒருவர் சித்தியின் மூத்த மகன். நேரே லண்டன் போனவர். 2016இல் நிரந்தர வதிவிடம் இருந்தது, ஆனால் கையில் இலங்கைப் பாஸ்போர்ட்தான். மற்றவர் பெரியப்பாவின் மகன். ஜேர்மனிக்கு அகதியாகப் போய், பனியில் வேலை செய்து, மொழி படித்து, பிரஜாவுரிமை எடுத்தவர். பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று 2006இல் குடும்பத்தோடு லண்டனுக்கு மாறினார். அப்படி மாறியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க், நெதர்லாந்து என்று அந்தந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்த ஈழத்தமிழர் பலர் ஒன்றியத்தின் நடமாட்டச் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டு லண்டனுக்கும் லெஸ்டருக்கும் போனார்கள். கோயிலும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் சொந்தமும் அங்கேதான் அதிகம்.

வாக்கெடுப்பு வந்தபோது விதி இப்படி இருந்தது: பிரித்தானியர், ஐரிஷ்காரர், பிரித்தானியாவில் சட்டப்படி வாழும் பொதுநலவாய நாட்டுப் பிரஜைகள் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்த மூத்த அண்ணாவுக்கு வாக்கு இருந்தது. வாக்கின் முடிவால் வீடு, வேலை, வதிவிடம் எல்லாம் ஆட்டம் காணப்போகிற ஜேர்மன் அண்ணாவுக்கு இல்லை.

மூத்தவர் விலக வேண்டும் என்றே போட்டார். மறைக்கவில்லை, எங்கள் எல்லாருக்கும் சொன்னார். காரணமும் சொன்னார்: "போலந்துப் பெடியன் டிக்கெட் எடுத்தால் வரலாம், என்ர தங்கச்சிக்கு மூண்டு தரம் விசா ரிஜெக்ட்." அது பொய்யான குறை இல்லை. விலகல் தரப்பு தெற்காசியரிடம் இதையே சொல்லிப் பிரசாரமும் செய்தது. ஐரோப்பியருக்கான வாசலைச் சாத்தினால் உங்களுடைய ஆட்களுக்குத் திறக்கலாம், கறி உணவகங்களுக்குச் சமையற்காரரை எடுக்கலாம் என்றது. முடிவு 51.9க்கு 48.1. வாக்களித்தவர் 72 சதவீதம். லண்டன் 60 சதவீதத்தை ஒட்டி இருப்போம் என்றது, ஸ்கொட்லாந்து 62, வட அயர்லாந்து 56. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளும் வேல்ஸும் சேர்ந்து விலகல் பக்கம் இழுத்துவிட்டன.

அதற்குப் பிறகு லண்டனில் நடந்த நாடாளுமன்றக் கூத்தை விரித்து எழுதத் தேவையில்லை. விலகுகிறோம் என்ற கடிதம் 2017 மார்ச்சில் போனது, மூன்று முறை தவணை நீட்டினார்கள், 2020 ஜனவரி 31இல் விலகினார்கள், அந்த ஆண்டு முடிவில் இடைக்காலமும் முடிந்தது. விலகும் பக்கத்துக்கு வாக்குச் சீட்டில் 'ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது' என்ற ஒரு வரிதான் இருந்தது. விலகிய பிறகு எப்படி நிற்பது, நோர்வே மாதிரியா, ஒன்றுமே இல்லாமலா என்பதில் விலகச் சொன்னவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருக்கவில்லை. அதைப் பேசி முடிக்கத்தான் அத்தனை ஆண்டுகள் போயின.

இனி சட்டைக்கு வருகிறேன். காலை ஆறு மணிக்கு முந்தியே ஏ9 வீதியில் கார்மென்ட் பஸ்களைப் பார்க்கலாம். உள்ளூர்க் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஓடும். ஜன்னல் ஓரத்தில் பாதிப் பேர் நித்திரை. போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த பெரிய சம்பள வேலை என்றால் இதுதான். அப்பா இல்லாத, அண்ணா இல்லாத பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். இலங்கை ஆடைகளை வாங்குபவர்களில் அமெரிக்காவுக்கு அடுத்ததாக ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் நிற்கின்றன.

ஒன்றியத்துக்குள் ஆடை கொண்டுபோனால் பொதுவாக 12 சதவீதம் வரி. வளர்முக நாடுகளுக்கு ஒன்றியம் நிபந்தனையோடு கொடுக்கும் ஜீ.எஸ்.பி பிளஸ் என்ற வரிச்சலுகை இருந்தால் அது இல்லை. பத்து யூரோச் சட்டையில் ஒரு யூரோ இருபது சதம் என்பது அந்த வியாபாரத்தில் பெரிய தொகை. ஓடரை இங்கே கொடுப்பதா, வேறு நாட்டுக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்கும் தொகை. ஆனால் சலுகைக்கு விதி உண்டு: துணியை வெளியே வாங்கி இங்கே தைத்தால் மட்டும் போதாது, தையலுக்கு முந்திய பெரிய வேலை ஒன்றும், துணி நெய்வது போல, பொதுவாக இங்கேயே நடக்க வேண்டும். நாங்கள் துணியில் பெரும்பகுதியைச் சீனாவிலும் இந்தியாவிலும் வாங்குகிறோம். ஆகவே சலுகை கையில் இருந்தும் கணிசமான அளவு ஆடை வரி கட்டித்தான் உள்ளே போகிறது. மிக வறிய நாடுகளுக்கு 2011இலேயே இந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

பிரித்தானியா ஒன்றியத்தில் இருந்த காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பத்திரம், ஒரே விதி. இங்கிலாந்தின் களஞ்சியத்தில் இறங்கிய சட்டை அங்கிருந்து அயர்லாந்தின் டப்ளின் கடைக்குப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். 2021இலிருந்து அப்படி இல்லை. விலகியபோது செய்த வர்த்தக உடன்படிக்கையில் பிரித்தானியப் பொருளுக்கு வரி இல்லை என்றார்கள். கிளிநொச்சியில் தைத்த சட்டை பிரித்தானியப் பொருள் ஆகுமா? ஆகாது. அது இரண்டாம் முறை எல்லை தாண்டும்போது திரும்பவும் வரி, இல்லாவிட்டால் அதைத் தவிர்க்க ஒரு கட்டுப் பத்திரம். கம்பனிகள் களஞ்சியங்களைப் பிரித்தன, ஓடர்களைப் பிரித்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. தனியாக நின்றதால் பிரித்தானியா தன் வரி விதியைத் தானே எழுதலாம் என்றானது. 2023 ஜூனில் வளர்முக நாடுகளுக்கெனத் தன் சொந்தச் சலுகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில், இலங்கை போன்ற நாடுகளின் ஆடைகளுக்குத் துணி எங்கிருந்து வந்தாலும் இங்கே தைத்தால் போதும் என்று தளர்த்தப்போவதாக அறிவித்தது. 27 நாடுகள் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்தில் இவ்வளவு விரைவாக நடந்திருக்காது. வன்னித் தையல் பிள்ளைகளுக்கு அந்த விலகலால் கிடைத்த நன்மை என்று இதை நான் ஒளிவில்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் அதே திட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜீ.எஸ்.பி பிளஸ் வேண்டுமென்றால் மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஒரு நாடு ஏற்று நடத்திக் காட்ட வேண்டும். பிரித்தானியா தன் திட்டத்தில் அந்தப் பட்டியலை நிபந்தனையாக வைக்கவில்லை. மோசமான மீறல் நடந்தால் சலுகையை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டது.

வன்னியில் இருந்துகொண்டு இதைச் சும்மா கடந்துபோக முடியாது. 2008 ஒக்டோபரில், எங்களைச் சுற்றி ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில், இலங்கை தன் மனித உரிமைக் கடப்பாடுகளைக் காக்கிறதா என்று ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மேயில் திரும்பக் கிடைத்தது. 1979இலிருந்து எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோகும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்தில் சில திருத்தங்கள் வந்தன. போதுமானவை இல்லை, ஆனால் அந்த அசைவுகூட யாரோ வரிச்சலுகையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் வந்தது. சலுகை நின்றால் முதலில் வேலை இழப்பது தையல் மெசினில் இருக்கும் பிள்ளைதான், அதையும் நான் மறக்கவில்லை. எங்கள் உரிமையும் எங்கள் சம்பளமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன, அந்தக் கயிற்றின் மறுமுனை பிரசல்ஸில் இருக்கிறது. வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் போராட்டத்தில் அமெரிக்கக் கொடியோடு பன்னிரண்டு நட்சத்திரம் உள்ள அந்த நீலக் கொடியையும் பிடித்துக்கொண்டு நின்றதை வீதியால் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கொடிக்குரிய 27 நாட்டில் ஒன்றுக்கும் அவர்கள் வாக்காளர் இல்லை.

அயர்லாந்தின் எல்லை பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியவர்களுக்கு விளங்கும். பிரித்தானியாவின் பகுதியான வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுச் சண்டையில் ஏறத்தாழ 3,500 பேர் இறந்தார்கள். 1998 ஏப்ரலில் பெரிய வெள்ளி உடன்படிக்கை வந்தது. வட அயர்லாந்தும் தனி நாடான அயர்லாந்தும் ஒரே ஒன்றியத்துக்குள் இருந்ததால், ஏறத்தாழ 500 கிலோமீற்றர் எல்லையில் சுங்கச் சாவடியும் வேண்டாம், இராணுவச் சாவடியும் வேண்டாம் என்று விட முடிந்தது. 2002இல் ஏ9 திறந்தபோது எங்களுக்கு மூச்சு வந்ததையும், 2006 ஓகஸ்டில் அது மூடியபோது மூச்சு அடைத்ததையும் நினைத்துப் பார்த்தால், பெல்பாஸ்டில் ஒருவர் அந்த வாக்கைக் கேட்டு ஏன் பயந்தார் என்று தெரியும். கடைசியில் சோதனையைக் கடலுக்கு மாற்றினார்கள். பிரித்தானியா தன் நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு அனுப்பும் பொருளுக்கே பத்திரம் நிரப்ப வேண்டி வந்தது. அதை ஓரளவு இலகுவாக்க 2023 பெப்ரவரியில் வின்ட்சர் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

மூத்த அண்ணாவின் கணக்கு என்ன ஆனது? பாதி பலித்தது. 2021 ஜனவரியிலிருந்து ஐரோப்பியருக்கும் எங்களுக்கும் புள்ளி போட்டு விசா கொடுக்கும் ஒரே முறை. 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணியை ஈடு வைத்து அந்த விசாவில் போனவர்களை எனக்குத் தெரியும். வாக்கெடுப்புக்கு முந்திய ஆண்டில் மூன்று இலட்சத்துச் சொச்சமாக இருந்த நிகரக் குடிவரவு (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த தொகை) 2023 நடுப்பகுதி வரையான ஆண்டில் ஒன்பது இலட்சத்தைத் தாண்டியது. ஆட்கள் வரக் கூடாது என்று வாக்களித்தவர்களுக்குக் கோபம் வந்தது. 2024 மார்ச்சில் பராமரிப்பு வேலைக்காரர் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை, 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தம். தங்கச்சிக்கு வாசல் திறந்து மூன்றரை ஆண்டில் சாத்திக்கொண்டது. ஒன்றியத்தின் நடமாட்டச் சுதந்திரம் உடன்படிக்கையில் எழுதிய உரிமை, ஒரு உள்துறை அமைச்சர் மாறினால் அது மாறாது. விசாத் திட்டம் அமைச்சரோடு மாறும்.

என்னைக் கேட்டால் பிரித்தானியா இருந்திருக்க வேண்டும். அதன் ஏற்றுமதியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இன்னும் ஒன்றியத்துக்குத்தான் போகிறது, அந்தச் சந்தையின் விதியைத்தான் அதன் தொழிற்சாலைகள் இன்னும் பார்த்து நடக்கின்றன. விலகியதால் நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் ஏறத்தாழ 4 சதவீதம் குறையும் என்று அரசாங்கத்தின் சொந்த வரவுசெலவு மதிப்பீட்டு அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது. கூட்டத்தில் கத்துவதற்கு ஒரு கதிரை வைத்திருந்த நாடு அதை விட்டு எழும்பிப் போனது. அப்படி ஒரு கதிரை தெற்காசியாவில் எங்களுக்கு இருந்ததே இல்லை. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் தொடங்கியது, 2014இல் காத்மண்டுவில் கூடியதற்குப் பிறகு உச்சிமாநாடே நடக்கவில்லை. விலகுவதா என்று கேட்கும் அளவுக்குக்கூட அது ஒன்றியம் ஆகவில்லை.

ஜேர்மன் அண்ணா 2021 ஜூன் 30 என்ற கடைசித் திகதிக்கு முந்தியே வதிவிடத்துக்கு விண்ணப்பித்து எடுத்துவிட்டார். அவரோடு சேர்ந்து விண்ணப்பங்கள் அறுபது இலட்சத்தைத் தாண்டின. பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுக்க மட்டும் அவர் யோசித்துக்கொண்டே இருந்தார், எடுத்தால் ஜேர்மன் பாஸ்போர்ட் போய்விடும் என்ற பயம். 2024 ஜூன் 27இலிருந்து ஜேர்மனி இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதித்தது. அதற்குப் பிறகு விண்ணப்பம் போட்டார். சித்தியின் கிணறு எப்படி என்று கேட்கப் போன மாதம் எடுத்த போனில் அந்தப் பேச்சு வந்தது. கையில் இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறதாம். "இனி எப்பவாவது திரும்பவும் கேட்டாங்கள் எண்டால், நானும் போய்ப் போடலாம்" என்றார். பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா என்று கேட்டார்.